கொள்ளிடத் திட்டில் பன்னிரண்டு மாடுகள்

செவலைக் காளையின் கழுத்துக் கட்டையைக் கழற்றியது சாட்சாத் மருதைதான். முரட்டு மாடு ஓடாமலிருக்க, முன்னங்கால் முட்டியில் இடிக்கிறாற்போலத் தொங்கவிடும் மரக்கட்டை அது. முட்டியில் ரத்தம் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. காளைக்கு நன்றியெல்லாம் பழக்கமில்லை. அவனை நாணலில் உருட்டிவிட்டு, பதினோரு பசுக்களையும் கிளப்பிக்கொண்டு கொள்ளிடத்து நடுத்திட்டுக்குள் புகுந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, ஆடி மாதம். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்தாயிற்று என்று சைக்கிளில் வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொழுது சாய்வதற்குள் திட்டு முழுகிவிடும்.

மாடுகளுக்குச் சொந்தக்காரி இருளாயி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தம்பி ராசப்பனிடம் மட்டும் பேசினாள்.

“கன்னுங்களைக் கரையில கட்டி, அந்த ஆளைப் புடிச்சுக்கச் சொல்லு. பசியில கத்தட்டும். தாயிங்க வந்தா மத்ததும் வரும்.”

“கேட்டுச்சா சப்ளையரே?” என்றான் ராசப்பன். ஸ்ரீரங்கத்து ஓட்டலில் சாம்பார் வாளியை முதலாளி மடியிலேயே கவிழ்த்துவிட்டு இந்த மாடு மேய்க்கும் வேலைக்கு வந்தவன் மருதை. “இங்க எதையும் அவுக்கக் கூடாது. புடிச்சுக்கிட்டு நிக்கணும். முடியுமா?”

“முடியுங்க. அக்கா, என்னை வச்சிருப்பீங்களா, அனுப்பிடுவீங்களா?”

“ராசப்பா, தண்ணி கலங்கலா வருது பாரு,” என்றாள் இருளாயி.

நாலு கன்றுகளும் கத்தின. ஒவ்வொரு கத்தலுக்கும் மருதையின் கை தானாக முடிச்சுப் பக்கம் போயிற்று. இன்னொரு கையால் அதை அடித்துக்கொண்டான். கடைசியில் நாணல் அசைந்தது. பசுக்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கின, பின்னாலேயே செவலை. கரையேறியதும் வேறெங்கும் போகாமல் நேராக வந்து மருதையின் விலாவில் ஒரு முட்டு. சேற்றில் விழுந்தான், கயிற்றை மட்டும் விடவில்லை. ராசப்பன் கொம்பில் கயிறு வீசிக் காளையை மடக்கினான்.

எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பசு குறைந்தது. நெற்றிச்சுட்டிக் கன்று மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. திட்டு இருந்த இடத்தில் நாணல் நுனிதான் தெரிந்தது.

“கீழ எங்கயாவது கரையேறியிருக்குமில்ல?” என்றான் மருதை.

“போயி ஓட்டல்ல கேளு,” என்றான் ராசப்பன்.

“அக்கா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அன்றைக்கு முதல் தடவையாக இருளாயி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அது செத்துடுச்சு. உன்னாலதான். இந்தக் கன்னு வேற பசுகிட்ட பால் குடிக்கப் பழகுற வரைக்கும் நீ இருந்து பாத்துக்க. பழகின மறுநாள் போயிடணும்.”