பெடலில் இருந்த ஈரம்

திருப்பதி செருப்புக் காலோடு தன் காரில் ஏறியதே இல்லை. செருப்பு டிக்கியில் போகும், வெறுங்கால்தான் கிளட்சை மிதிக்கும். பொன்னமராவதி டாக்சி ஸ்டாண்டில் அதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "சோறு போடுற வண்டியச் செருப்பால மிதிக்கவா?" என்று முறைப்பார்.

அன்று காலை மெக்கானிக் பெரியண்ணனின் பட்டறைக்கு அவர் வந்தது சண்டை போடத்தான்.

"நாளைக்குக் கட்டுமாவடியில எம்மக தேவிப்ரியாவுக்கு வளைகாப்பு. முடிச்சு நாந்தான் அவள வீட்டுக்குக் கூட்டியாரணும். வயித்துப் புள்ளக்காரிய இதுல எப்படிய்யா ஏத்துறது? கியர் போட்டா கரகரங்குது. போன மாசம் நீ மாட்டுன கிளட்ச் பிளேட்டு வெளங்கல."

பெரியண்ணனுக்குச் சுருக்கென்றது. இஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் தடங்கலில்லாமல் விழுந்தன. ஆக, கியர்பாக்ஸில் குறையில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை ஓடவிட்டு, டாப் கியரில் கிளட்சை மெல்ல விட்டார். இஞ்சின் குலுங்கி நின்றது. பிளேட்டும் வழுக்காமல் பிடிக்கிறது. மறுபடி கிளப்பி, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை.

"ஒனக்கு மட்டும் அடங்குதாக்கும்!" என்று திருப்பதி அவரை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ரிவர்ஸ் போட்டதும் கரகரவென்று கியர்ப் பல் தேய்ந்தது.

"முழுசா மிதிப்பா."

"மிதிச்சுக்கிட்டுத்தான்யா இருக்கேன்!"

பெரியண்ணன் குனிந்து பார்த்தார். பெடல் பாதி வழியில் நின்றிருந்தது. அதன் ரப்பரைத் தொட்டார். ஈரம்.

திருப்பதியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, ஆயில் லீக்கு! அதான் கிளட்ச் பிரியல." வண்டியில் கோளாறு என்றால் ஒரு சாமானை மாற்றினால் தீர்ந்தது. எப்படியும் நாளை மகளை அழைத்து வந்துவிடலாம்.

பெரியண்ணன் ரப்பரை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி சிவந்தது.

"காலத் தூக்கு."

இடது உள்ளங்காலில் ஒரு கருவேல முள் ஒடிந்து நின்றது. சுற்றிலும் சதை அழுகியிருந்தது.

"எப்பக் குத்துச்சு?"

திருப்பதிக்குத் தெரியவில்லை. தெரியவில்லையே என்பதுதான் அவரைக் கலக்கியது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவார், ஞாபகம் வந்தால் போடுவார்.

"கண்ண மூடு. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லு."

மூடிக்கொண்டு காத்திருந்தார். "தொடுய்யா. தொட்டாத்தானே சொல்ல முடியும்."

கண்ணைத் திறந்தார். அவருடைய கட்டைவிரல் பெரியண்ணனின் கைப்பிடிக்குள் இறுக்கமாக இருந்தது.

திருப்பதி பிரேக்கை மிதிக்கும் வலது காலைத் தானாகவே நீட்டி, மறுபடி கண்ணை மூடினார். "இதையும் பாரு." அதிலும் கட்டைவிரல் எது, சுண்டுவிரல் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"வண்டி நல்லாருக்குப்பா," என்றார் பெரியண்ணன்.

திருப்பதி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முள்ளை எடுத்துக் கட்டுப் போட்ட டாக்டர், இனி செருப்பில்லாமல் காலைத் தரையில் வைக்கக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பெரியண்ணன்தான் ஓட்டினார். வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது, திருப்பதி பழக்க தோஷத்தில் செருப்பை மணலில் கழற்றிவிட்டு முன் சீட்டில், பெரியண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கை நிறைய வளையலோடு வந்த தேவிப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்ப்பா, நீங்க ஓட்டலையா?"

கிளட்ச் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். அப்படிச் சொன்னால், நாளைக்கு அவர் மறுபடி வண்டியை எடுக்கும்போது யார் தடுப்பார்கள்?

"எனக்குக் கால்ல உணர்ச்சி தெரியல ஆத்தா. ஒன்ன வச்சுக்கிட்டு ஓட்டப் பயமாருக்கு."

அவள் அவர் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், மணலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்தபடி சிரமப்பட்டுக் குனிந்து செருப்பை எடுத்தாள். வளையல்கள் குலுங்கின.

"வண்டிக்குள்ள வேணாம்மா," என்று அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"நீட்டுங்கப்பா."

நீட்டினார். அவள் மாட்டிவிட்டாளா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.