அல்போன்சம்மாவின் கோல்

“பேரை எழுதிக் குடுத்தது நீர். அப்ப நீர்தான் போய்ச் சொல்லவேணும்.”

“எல்லாருமாச் சேர்ந்துதானே முடிவெடுத்தனாங்கள், ஜெனுஷன்?”

“முடிவெடுத்தது எல்லாரும். எழுதினது உம்மட கை. அல்போன்சம்மா கூழுக்கு அடுப்பு மூட்டிப்போட்டாவாம். கெதியாப் போம்.”

சொல்லிவிட்டு அணித்தலைவன் ஜெனுஷன் மேடைப் பக்கம் நடந்தான். கழகச் செயலாளர் றெஜினோல்ட் தொலைந்த செருப்பைத் தேடுகிறவன்போல நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

நாரந்தனைக்கு அப்பால் உள்ள அந்தக் கடற்கரை ஊருக்கு, கோயிலுக்கு அடுத்தது நீலக்கடல் உதைபந்தாட்ட அணி. கோயிலுக்கு முந்தியது என்று பங்குச் சுவாமியார் குறைப்படுவார். ஆட்ட நாளில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஓடியபோது அலுமாரியையும் ஆட்டையும் விட்டுப்போன சனம் ஜேர்சிகளை மட்டும் மூட்டை கட்டிச் சுமந்தது. திரும்பி வந்த பிறகு ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை. இந்தச் சமாதான காலத்திலாவது கிடைக்காதா என்று ஊர் நேர்த்தி வைத்திருந்தது.

இறுதியாட்டத்துக்கு முந்தின கிழமை, முன்னால் விளையாடுகிறவனுக்குக் கால் முறிந்தது. புங்குடுதீவில் கூலிக்கு விளையாடும் ஒரு பெடியனைப் பிடித்தார்கள். வெளியாள் இறங்கினால் கிண்ணம் எதிரணிக்கு என்பது விதி. ஆகவே உள்ளூர்ப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. கடலுக்குப் போய் நாலு வருடமாகத் திரும்பாத றொமேஷின் பெயரைக் கழகத்தில் ஒருவரும் வெட்டியிருக்கவில்லை. வெட்டினால் செத்துப்போனான் என்று ஊரே சொன்னதாகிவிடும். அந்த இரக்கம்தான் இப்போது வசதியாகப் போனது; கூலிப் பெடியன் றொமேஷ் என்ற பேரில் இறங்கினான்.

ஒன்றை மட்டும் றெஜினோல்ட் யோசிக்கவில்லை. அந்த ஊரில் கோல் விழுந்தால் அடித்தவனை அவனுடைய தாயின் பேரோடு மூன்று தரம் மைக்கில் சொல்வது வழக்கம். வென்றால் அந்தத் தாய் அணிக்குக் கூழ் காய்ச்சுவாள். வேலணையில் இருந்து வந்த அறிவிப்பாளனுக்கு றொமேஷைத் தெரியாது. பெடியன் கோல் அடித்ததும் தாளில் இருந்ததை நல்ல கம்பீரமாகச் சொன்னான்.

“அல்போன்சம்மா பெற்ற மகன் றொமேஷ்!”

மைதானம் உடனே கைதட்டியது. முதலில் தட்டிய கைகள் தன்னுடையவைதான் என்பது றெஜினோல்டுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த கையோடு புங்குடுதீவுப் பெடியனைப் பூட்ஸும் கழற்றவிடாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பியதும் அவன்தான்.

குசினி வாசலில் புகை. அல்போன்சம்மா நண்டை உடைத்துப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய பானை, யாரிடமோ இரவல் வாங்கியது.

“வா தம்பி. கதிரையை இழுத்துப்போட்டு இரு.”

அவன் இருக்கவில்லை. “மாமி, ஒரு பிழை நடந்துபோச்சு…”

“தெரியும். என்ர பிள்ளை அடிச்சிருந்தா உவங்கள் உடன கை தட்டியிருக்க மாட்டாங்கள். அவன் அஞ்சை வெளியால அடிச்சு, எல்லாரிட்டயும் ஏச்சு வாங்கித்தானே ஒண்டை உள்ளுக்கு அடிக்கிறவன்.”

அவள் இலேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குக் காது சுட்டது. ஏசியிருந்தால் குனிந்து கேட்டுவிட்டுப் போயிருப்பான்.

“பிறகேன் மாமி கூழ்?”

“என்ர பேரைச் சொல்லிப்போட்டாங்கள். காய்ச்சாமல் விட ஏலுமே?” பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினாள். “முதல் தரம் சொல்லேக்க எழும்பி வாசலுக்கு வந்திட்டன். மூண்டாம் தரத்துக்குள்ள விளங்கிப்போச்சு.”

மேடையில் பிரதம விருந்தினரின் பேச்சு ஒலிபெருக்கியில் இழுபட்டுக்கொண்டிருந்தது. கிண்ணம் இன்னும் கொடுபடவில்லை.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி.”

அவள் அகப்பையை வழித்து உப்புப் பார்த்தாள். “அந்தப் பெடியனுக்குத் தாய் இருக்கிறாவே?”

“ஓம். கூட்டிவரப் போகேக்க படலையில நிண்டவ.”

“பேர்?”

“இராசேஸ்வரி.”

அல்போன்சம்மா பானையை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“பாவம், அவவின்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. கிண்ணம் குடுக்க முதல் நீ ஓடிப்போய் மைக்கில சொல்லு தம்பி, அந்தக் கோல் இராசேஸ்வரி பெத்த பிள்ளையின்ர எண்டு. சொல்லுவியே?”