கண்ணால் கண்டதை மட்டும்

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பத்து வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும், அதுவும் மனசு இருந்தால். அப்படிப்பட்டவள் பள்ளிப் பிள்ளைகளுக்கான இயற்கைக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். கட்டுரை வந்த பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட ஓட்டுநரையெல்லாம் நிறுத்திப் படிக்க வைத்தார். தப்பிக்க வழி தெரியாமல் அவர்களும் படித்தார்கள்.

போட்டிக்கு ஒரே விதிதான்: கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். அவள் கண்டது ஆற்றங்கரை வளையில் குட்டி போட்டிருந்த ஒரு நீர்நாயை. இந்த ஆற்றில் நீர்நாய் உண்டு என்று பேச்சு இருந்ததே தவிர, பார்த்தவர் யாருமில்லை. பாலம், பாழடைந்த பம்பு அறை, தாய் மீனைக் கவ்விக்கொண்டு நீந்தி வரும் வளைவு என்று ஒன்று விடாமல் எழுதினாள். வளை இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் பத்திரிகை வெளிவந்த கையோடு கரைச் சேற்றில் பூட்ஸ் தடங்கள் முளைத்தன. குட்டிகளுக்கு இன்னும் நீந்தக்கூடத் தெரியாது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பரிசளிப்பு விழாவில் நடுவர் அம்மா மைக்கைப் பிடித்துப் புகழ்ந்து தள்ளினார். "இதப் படிச்சா கண்ண மூடிக்கிட்டே அந்த எடத்துக்குப் போயிடலாம்."

அரங்கமே கைதட்டியது. அவளுக்குச் சேற்றில் கிடந்த பூட்ஸ் தடங்கள்தான் ஞாபகம் வந்தன.

விழா முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவளிடம் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பஞ்சு போன்ற குரல். அப்பா சற்றுத் தள்ளி, போட்டோக்காரரிடம் இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேம்மா. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. வளை எந்தப் பக்கம்?"

பொய் சொல்லிப் பழகாத வாய். இருந்தாலும் சொன்னாள். "பம்பு ரூம் படிக்குக் கீழ."

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அங்க தோண்டிப் பாத்தாச்சேம்மா," என்றார் அன்பாக.

அதற்குள் அப்பா சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார். "என்ன சார் கேக்கறீங்க?"

"குட்டிங்கள ஒரு தடவ பாக்கணும்னு ஆச. பாப்பா சொல்ல மாட்டேங்குது."

"அவ வாயத் தொறந்தாத்தான் அதிசயம் சார். நான் சொல்றேன். தினம் பொழுது சாயறதுக்குள்ள நான்தானே போய் இவள அங்கேருந்து கூட்டிட்டு வரேன்."

அவள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வேணாம்."

"இரும்மா, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல. அக்கரையில சாஞ்ச மரம் ஒண்ணு இருக்கு சார். அதோட வேருக்குள்ளதான்."

அவர் தேநீரைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போனார்.

"யாருப்பா அவரு?"

"நடுவருங்கள்ல ஒருத்தர்தானே? முன்னாடி உக்காந்திருந்தாரே."

அவள் பிறந்ததிலிருந்து பேசியதையெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு இருக்காது. பூட்ஸ் தடம், தான் சொன்ன பொய், அவர் தோண்டிப் பார்த்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அப்பாவின் முகம் செத்துப்போனது. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு யாருடைய காரோ நின்றிருந்தது. தூரத்தில், பின்னால் இரும்புக் கூண்டு ஏற்றிய ஒரு வேன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

காரை எடுக்க ஆள் தேடி, வண்டியைக் கிளப்பி, பாலத்துக்குப் போகும் வரை அப்பா தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "பாழாப்போன வாயி, பாழாப்போன வாயி." அவள் அவருடைய முதுகில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பாலத்தின் நடுவில் அப்பா வண்டியை நிறுத்தினார். அக்கரையில் மரத்தடியில் வேன் நின்றது. மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை. வளையைத் தோண்டி முடித்திருந்தார்கள்.