எல் சர்வரின் பழைய முகவரி

1

ஒப்புக்கொள்கிறேன்: கம்பம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் செல்போனில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கதை. "அந்தப் பிள்ள மேல பழியப் போட்டுட்டேன்ப்பா." சின்னமனூரில் இறங்கிவிட்டார். மிச்சமெல்லாம் என் புளுகு.

முதல் தொடக்கம்: 2008இல் ஒரு காலை, உத்தமபாளையத்தில் இன்டர்நெட் செத்ததால் நாடே...

(அடித்துவிட்டேன். ஒரே ஒரு கல்லூரி. அதுவும் சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது.)

2

சுருளிராஜன் அந்தக் கல்லூரியின் சர்வர் அறைக்கு ராஜா. இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதன் முகவரியைக் கண்டுபிடிப்பது அவனுடைய சர்வரின் வேலை. அதற்கே தெரியாவிட்டால் உலகத்துக்குப் பொதுவான பதின்மூன்று தலைமைச் சர்வர்களிடம் கேட்கும். ஆங்கில எழுத்துகள்தான் பெயர், ஏ முதல் எம் வரை. அவற்றின் முகவரிப் பட்டியலை நாம் வைத்திருக்க வேண்டும். எப்போதாவது ஒன்று வீடு மாறும். பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அந்த முறை எல் வீடு மாறியது. சுருளிராஜன் புதியதை எழுதினான். பழையதை அழிக்கக் கை வரவில்லை. அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் போய்ச்சேர்ந்த தாத்தாக்கள்தான் முதல் வரியில் நிற்பார்கள். எடுத்தால் பந்தியில் அடிதடி. அதே மரியாதையில் பழைய முகவரியை மேலே விட்டுவைத்தான். முன்பு மாறிய இரண்டுக்கும் இப்படித்தான்.

(நானும் முதலில் நம்பவில்லை. பிறகு என் செல்போனைப் பார்த்தேன். செத்துப்போன மூன்று பேரின் எண் இருக்கிறது.)

3

கரண்ட் போய் வரும்போதெல்லாம் சர்வர் எழுந்து ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு யுகம் நின்றது. (சில விநாடி. பிரின்சிபாலுக்கு அது யுகம்.)

"என்னப்பா சுருளி, எதுக்கு இப்படி இழுக்குது?"

"லேப்ல முனீஸ்வரி என்னத்தையோ டவுன்லோடு போடுதுங்கய்யா."

யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. லேப் உதவியாளர் முனீஸ்வரி அங்கே ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. மறுநாளே அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள்.

திடுக்கிட்டுப் போய் அன்றுதான் சர்வரின் பதிவுகளைத் திறந்தான். 'பட்டியலில் வேண்டாத முகவரி' என்று அது தினமும் முறையிட்டிருந்தது. மூன்றையும் சத்தமில்லாமல் அழித்தான். நெட் பறந்தது.

"பாத்தியா, அந்தப் பிள்ளைய மாத்துனதும்! ஏப்ரலோட வேலையவிட்டே அனுப்பிருவோம்" என்றார் பிரின்சிபால்.

அவன் செய்த திருத்தமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

4

நூலகம். முனீஸ்வரி கேட்டாள்.

"ஏண்ணே, நெட்டு இப்ப நல்லா ஓடுதாம்ல?"

"ம்."

"பிரின்சிபால் சொன்னாக. அப்ப நெசமாவே நாந்தான் கெடுத்துருக்கேன் போல. என்ன பண்ணேன்னுதான் வெளங்கல. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே, அடுத்து எங்கன வேலைக்குப் போனாலும் சூதானமா இருந்துக்கிருவேன்."

சுருளிராஜன் கைக்கு வந்த புத்தகத்தை நீட்டி, முத்திரை குத்தச் சொன்னான். கோழி வளர்ப்பு.

5

முடிவு ஒன்று: பழைய முகவரிகளை ரகசியமாகத் திரும்பப் போட்டான். நெட் இழுத்தது. "அப்ப அந்தப் பிள்ள இல்லையா!" என்றார் பிரின்சிபால். எழுதும்போது எனக்கு ஒரே கொண்டாட்டம். படித்துப் பார்த்தால் கூசியது, இதிலும் அவன் உண்மையைச் சொல்லாமலே தப்பித்துவிடுகிறான். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பிரின்சிபால் அறை.

"ஐயா, அந்த நெட்டு விசயம்... அது வந்து..."

"சொல்லுப்பா." கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

ஊரையே புளுகித் தள்ளும் எனக்கு, இவன் இனிச் சொல்லவேண்டிய உண்மையான ஒற்றை வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. அவன் நின்றுகொண்டிருக்கிறான். நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.