2018-ஆம் வருட டேப்புகள்

சங்கீதா வேலைக்கு வந்த மூன்றாவது வாரத்தில், 2018-ஆம் வருடப் பெட்டியில் நான்கு டேப்புகள் குறைந்தன. ரத்னவேல் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். யாரும் எடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருந்த அந்த ஸ்கேன் நிலையத்தில் பத்தொன்பது வருடமாகக் கணினிகள் அவர் பொறுப்பு. தினமும் மாலையில் டேப் டிரைவில் ஒரு டேப்பைச் செருகிவிட்டுப் போவார். அன்றுவரை டிஸ்கில் சேர்ந்த ஸ்கேன் படங்கள் அதில் நகலாகும். காலையில் வந்து, நகல் முடிந்ததைக் காட்டும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, தேதி எழுதி அலமாரியில் வைப்பார். இப்போது நிர்வாகி ருக்சார் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். ஒரேயடியாக இல்லை, ஆறு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும், பழைய டேப்புகளை வருடம் வருடமாகப் படித்து ஏற்ற வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்த பொறியாளர்தான் சங்கீதா.

ஆறு மாதத்துக்குப் பிறகு தனக்கு என்ன வேலை என்று ரத்னவேல் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் அறைக்குள் நுழைந்தால் சங்கீதா திரையில் இருந்ததை மூடினாள். அவருடைய பழைய அமைப்புகளைப் பற்றி ஒரு நோட்டில் ஏதோ எழுதினாள். தன்மேல் குற்றம் தேடச் சொல்லித்தான் இவளை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. டேப்புகள் காணாமல் போனதும் அது இன்னும் மோசமாயிற்று. அதில் இருப்பவை நோயாளிகளின் படங்கள். வெளியே போனால் பழி யார் தலையில் விழும்?

மறுநாள் மதியம் அவள் பையோடு கிளம்பியபோது அவரும் பின்னாலேயே போனார். இரண்டு தெரு தள்ளி, பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்குள் அவள் நுழைந்தாள். எதிர்ப்புற ஹார்டுவேர் கடையில் பூட்டுகளைப் புரட்டிக்கொண்டே பார்த்தார். அவள் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கடைக்காரர்தான் உள்ளேயிருந்து ஒரு டேப் டிரைவைக் கொண்டுவந்தார். அச்சு அசல் நிலையத்தில் இருப்பதைப் போன்றது. டேப்பை ஒழிக்க வந்தவளுக்கு டேப் டிரைவ் எதற்கு?

சாயங்காலம்வரை பொறுத்தார். பிறகு சர்வர் அறைக்குப் போனார். அந்த டிரைவ் அவளுடைய மடிக்கணினியோடு இணைந்திருந்தது. பக்கத்தில் நான்கு டேப்புகளும் அடுக்கியிருந்தன.

"கையெழுத்துப் போடாம எடுத்திருக்கீங்க. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க சார். கேட்டா தப்பா நினைப்பீங்கன்னு எடுத்துட்டேன். அது என் தப்புதான்."

2017 வரை டேப்புகள் ஒழுங்காக ஏறின என்றும், 2018-இல் எந்த டேப்பைப் போட்டாலும் முந்தைய வருடப் படங்களே வருகின்றன என்றும் சொன்னாள். நம் டிரைவ்தான் தப்பாகப் படிக்கிறதோ என்று, சொந்தச் செலவில் வேறொன்று வாங்கி வந்தாளாம். அதிலும் அதேதான்.

ரத்னவேல் திரையைத் தன் பக்கம் திருப்பினார். நான்கு டேப், நான்கு மாதம், ஒரே பட்டியல். அவருக்குப் புரிந்துவிட்டது. 2017 கடைசியில் படங்களைப் புதிய டிஸ்குக்கு மாற்றியவர் அவர்தான். நகலெடுக்கும் பட்டியலில் பழைய டிஸ்கின் பெயரை மாற்ற மறந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த இயந்திரம் பழைய படங்களையே தினமும் நகலெடுத்து, முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிந்தைய வருடப் படங்கள் சர்வரில் இருந்ததால் தப்பின. ஆனால் 2021-இல் இடம் போதாமல் 2018-ஐச் சர்வரிலிருந்து அழித்தவரும் அவரே, டேப்பில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில்.

"டிரைவ் கோளாறுன்னே ரிப்போர்ட்ல எழுதிடலாங்க சார்" என்றாள் சங்கீதா மெதுவாக. "யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இரக்கப்படுகிறாளா, தன் குடுமியைக் கையில் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாளா? தெரியவில்லை. தெரியாமலேயே எழுந்து ருக்சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நேர்மையாலா சந்தேகத்தாலா போனார் என்று பின்னால் யோசித்தபோதும் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

ருக்சார் சத்தம் போடவில்லை. எத்தனை பேர் படங்கள் போயின என்று மட்டும் கேட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். மருத்துவரின் அறிக்கைகள் இருந்தன, படங்கள் இல்லை. ரத்னவேலுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் படங்களை சிடியில் போட்டுக் கொடுத்தது கவுண்டரில் இருந்த ஒருவருக்கு நினைவு வந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று ருக்சார் சொல்லிவிட்டார்.

கூப்பிட்டால் ஸ்கேம், மோசடி அழைப்பு என்று பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர் போலீசுக்குச் சொல்வதாகவே சொன்னார். ஆங் மோ கியோ பகுதியில் இருந்த பாப்பாத்தி என்ற அம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் பேசினார்.

"நேத்துதான் பேங்குன்னு ஒருத்தன் கூப்பிட்டான். நீங்க கிளினிக்குங்கிறீங்க. நேர்ல வாங்க லா, ஸ்டாஃப் பாஸ் எடுத்துட்டு."

ரத்னவேலும் சங்கீதாவும் போனார்கள். பாப்பாத்தி வீட்டுக்குள் விடவில்லை, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார். இருவர் பாஸையும் படம் எடுத்தார். ரத்னவேல் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, தானே தேடிய எண்ணில் நிலையத்தைக் கூப்பிட்டு ருக்சாரிடம் பேசினார். பிறகுதான் கைப்பையைத் திறந்து சிடியை எடுத்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்கு?"

"எங்ககிட்ட இருந்த காப்பி போச்சும்மா. என் தப்பு."

பாப்பாத்தி சிடியை நீட்டினார். ஆனால் அது தன் கண்ணைவிட்டு நகரக் கூடாது என்றார். அங்கிருந்த கல் மேசையில் சங்கீதா மடிக்கணினியை வைத்து, கொண்டுவந்திருந்த சிடி டிரைவை இணைத்தாள். பாப்பாத்தி எதிரில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிடுச்சுங்க சார்" என்று சங்கீதா திரையில் வந்த பச்சைக் குறியைக் காட்டினாள்.

ரத்னவேல் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஏறிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். மொத்தம் நாற்பத்தாறு படங்கள்.