ஒரு விரல் அகலம்

படகோடு பேசும் வீட்டு றேடியோ செட்டின், காற்றில் முறிந்த அலுமினியக் குழாய் அன்ரனாவை முற்றத்தில் கிடத்தி, நூல் பிடித்து அளந்து, அதே நீளத்துக்குப் பழைய மோட்டரின் செப்புக் கம்பியை வெட்டியவர் மரியரட்ணம். பக்கத்துக்கு ஒரு முழமாக இரண்டு கம்பி. மயிரளவும் பிசகவில்லை என்று மருமகள் றஜிதாவுக்கு வைத்தே காட்டினார்.

நான்காம் நாள் காலை, அவருடைய மகன் ஜெயசுதனின் குரல் கடலிலிருந்து செட்டில் வந்தது. "எஞ்சின் நிண்டிட்டுது. எழுவைதீவுக்கு வடக்காலை இழுபடுறம். ஆரும் கேட்டால் சொல்லுங்கோ."

றஜிதா பொத்தானை அழுத்திப் பதில் சொன்னாள். செட்டில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அவன் மறுபடியும், "ஆரும் கேட்டால் சொல்லுங்கோ" என்றான்.

மரியரட்ணம் துறைக்கு ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பினார். "செபமாலை படகோடை வெளிக்கிட்டிட்டான். முக்கால் மணித்தியாலத்திலை போயிடுவான்."

அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே கைபேசிக்குச் சிக்னல் இல்லை.

செட்டில் மறுபடி ஜெயசுதன்: "உவன் ஜெரிசன், தீவுக்கு நீந்தப்போறன் எண்டு நிக்கிறான். நான் சொல்லிக் கேக்கிறான் இல்லை. வாறியள் எண்டால் சொல்லுங்கோ."

ஜெரிசன் றஜிதாவின் தம்பி; ஜெயசுதனோடு படகில் போனவன். அவள் ஒன்பது தரம் சொன்னாள். ஒன்பது தரமும் சிவப்பு விளக்கு மினுங்கியது.

சுன்னாகத்தில் றேடியோ திருத்தும் பார்த்தீபனுக்குப் போன் எடுத்தாள்.

"அங்கத்தைக் குரல் கேக்குது, எங்கடை குரல் போகுதில்லை, சிவப்பு விளக்கு மினுங்குது. அன்ரனா குழாய் இருந்த அதே அளவுதான் அண்ணை. இப்ப கம்பி."

"என்ன தடிப்பு?"

"இடியப்பத் தடிப்பு."

"அப்ப அது கட்டை. தடிச்ச குழாய்க்குக் குறைஞ்ச நீளம் காணும், மெல்லிசுக்குக் கூட வேணும். பக்கத்துக்கு ஒரு விரல் அகலம் கூட்டுங்கோ. நீளம் பொருந்தாததாலை, செட் பழுதாகாமலிருக்கத் தான் அனுப்புற பலத்தைத் தானே குறைக்குது, அதுதான் விளக்கு."

கம்பத்தைச் சாய்த்தார்கள். கம்பியின் பூச்சைக் கத்தியால் சுரண்டி, விரல் அகலம் கூட்டும் துண்டுகளை நுனிகளில் முறுக்கினாள்.

"நான் சரியாத்தானே பிள்ளை அளந்தனான்."

"ஓம் மாமா. கம்பத்தைப் பிடியுங்கோ."

இம்முறை விளக்கு மினுங்கவில்லை.

"செபமாலை அண்ணை வாறார். தம்பியை இருக்கச் சொல்லுங்கோ."

"றஜிதாவோ? கேக்குது." என்றான் ஜெயசுதன். "வெறும் எண்ணெய்க் கானை மிதக்கக் கட்டிக்கொண்டு கடலிலை இறங்கிட்டான். இப்பதான். கத்திப் பாத்தன், கேக்கேல்லை."

"தலை தெரியுதோ?"

"தெரியுது."

சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டாள். "அலை மறைக்குது" என்றான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

செபமாலை சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார். பொழுதுபடும்வரை ஜெரிசனைத் தேடியதில் கான் மட்டும் கிடைத்தது.

முற்றத்தில் மரியரட்ணம் குந்தியிருந்து, முறிந்த குழாயோடு நூலை மறுபடியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.