பேராசிரியரின் வலது கை

கேரளத்தின் பாலா ஊரில், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களான எங்கள் சங்கத்தில் பேச வந்தார் பேராசிரியர் உலகன்னான். ஆஸ்பத்திரியெல்லாம் கோழைகளுக்குத்தான், மனசுதான் மருந்து என்று புத்தகம் எழுதியவர். பேச்சின் நடுவே அவர் வாய் கோணியது, வார்த்தை குழறியது. நோயாளியை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கோ அது பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்களில் ஒருத்தியான மரியக்குட்டி சேச்சி ஊன்றுகோலைத் தரையில் இடித்தாள். “சாரே, ரெண்டு கையையும் தூக்குங்க!”

இடது கை மட்டும் எழுந்தது.

“ஐயோ, வண்டிய எடுங்கடா!”

சங்கச் செயலாளர் வர்க்கிச்சன் குறுக்கே வந்தார். “சேச்சி, இன்னும் பொன்னாடை போர்த்தலையே! எம்.எல்.ஏ. வந்துட்டே இருக்கார்.”

“பொணத்துக்கா போர்த்தப் போறே? தள்ளுடா!”

வண்டியில் பேராசிரியர் முனகினார். “ஆஸ்... பத்திரி வேண்டாம்... என் புஸ்தகம்...”

“அத நீங்க பொழச்சு வந்து படிச்சுக்கலாம் சாரே. இப்ப படுங்க.”

நேரத்தோடு கொண்டுபோனதால் பிழைத்தார். இப்போது எங்கள் சங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சேச்சி அதட்ட அதட்ட ரப்பர் பந்தை அமுக்குகிறார். பொன்னாடையை வர்க்கிச்சன் வீணாக்கவில்லை; வார்டிலேயே போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்.